பால் நேரத்தை மேட்டுக்கு ஏற்றியவர்

சபாநாயகம் ஐயா தவறிவிட்டார் என்ற செய்தி எனக்குச் சுனிலின் வாயால்தான் வந்தது. நான் லுணுகலையில் மகள் வீட்டில் மத்தியானச் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சுனில் குடிநீர் நிலையத்தில் ஐயாவிடம் வேலை செய்தவர், சிங்களவர். எங்களோடு பழகிப் பழகித் தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசுவார்.  "அக்கா, நம்ம ஐயா... ஐயா இல்ல இப்ப," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். "தண்ணி ஐயா போயிட்டாரு" என்று மகளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவரில் மரண அறிவித்தல் கண்ணில் பட்டது. 'சாந்த குணசீலர், அதிர்ந்து பேசாதவர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதிர்ந்து பேசாதவர் என்பது சரி. சாந்தமா? தோட்டத்தை நடத்திய இரண்டு துரைமாரையும் ஒரு பொலிஸ் சார்ஜன்டையும் கொழும்பிலிருந்த மேலதிகாரிகளையும் நிம்மதியாக இருக்க விடாத மனிதர் அவர். கூடப் பழகிய நீங்கள் எல்லோரும் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். பழகாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நமுனுகுல பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தை வெள்ளைப்பாறை என்று சொல்லுவோம். அங்கே பிள்ளைக் காம்பராவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. காம்பரா இருந்தது பள்ளத்தில், ஓடைக்கரையோரம், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில். ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டில் பட்டணத்துக்குத் தண்ணீர் சுத்தப்படுத்தி அனுப்பும் நிலையம். இந்தப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் லயங்கள், லயங்களுக்கு மேலே உச்சியில் துரையின் பங்களா. இடம் இவ்வளவுதான். இதற்குள்தான் எல்லாம் நடந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி அந்த நிலையத்துக்கு இரசாயன அதிகாரியாக வந்தார். வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, நிலையத்து வாசலில் ஒரு தகரத்தில் ஈர வைக்கோலையும் சாம்பிராணியையும் போட்டுக் கொளுத்திவிட்டு, புகையின் பின்னாலேயே நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த குடை, முகத்தில் சிரிப்பே இல்லை. யாரோ யாழ்ப்பாணத்துச் சாமியார் தோட்டத்துக்குக் கண்ணேறு கழிக்க வந்திருக்கிறார் என்று எங்கள் பெண்கள் கும்பிட்டார்கள். புகை ஓடை வழியாக இறங்கி, என் காம்பரா வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அவரும் அதற்குள் நின்றார்.

"இதிலைதான் நிக்குது," என்றார்.

"என்னாங்க ஐயா நிக்குது? புள்ளைங்க இருமுதுங்க, அந்தத் தகரத்தக் கொண்டுபோங்க," என்று நான் சத்தம் போட்டேன். முதல் நாளே சண்டைதான்.

அவர் கோபப்படவில்லை. தண்ணீருக்குப் போடும் குளோரின் பெரிய இரும்புச் சிலிண்டர்களில் வருகிறது என்றார். "அது காத்தை விடப் பாரம், தங்கச்சி. சிலிண்டர் திறந்துபோச்செண்டா மேலை போகாது. தண்ணி மாதிரிப் பள்ளம் பாத்து ஓடும். நீங்கள் தோட்டத்திலையே ஆகப் பள்ளமான இடத்திலை பிள்ளையளை வச்சிருக்கிறியள்." காம்பராவை நானா கட்டினேன் என்று கேட்டேன். "இல்லை. ஆனா அதுக்குள்ளை இருக்கிறது நீங்கள்தானே," என்றார்.  நச்சுக் காற்றைப் பற்றி அதுவரை எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பட்டணம் குடிக்கும் தண்ணீருக்காக எங்கள் தலைக்கு மேல் அது இருந்தது. எங்களுக்கு அதே ஓடைத் தண்ணீர்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

போர் நடந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு மேடு பள்ளம் பார்த்துத் திரிந்தால் என்ன நடக்கும்? பொலிஸ் ஜீப் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் திரும்பி வந்தார், கூடவே அந்தச் சார்ஜன்டும் வந்தார். புகைத் தகரம் சார்ஜன்டின் கையில் இருந்தது. ஐயா முன்னால் குடையை நீட்டி வழி காட்ட, சார்ஜன்ட் இருமிக்கொண்டே ஓடைக்கரையில் நடந்து வந்த காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு அடங்காது. "சந்தேகம் இருக்கிற ஆள்தான் நல்லா விளங்கிக்கொள்ளும்," என்று ஐயா பிறகு சொன்னார்.

அவர் போட்ட திட்டம் லேசானது. நிலையத்தில் ஆபத்து என்றால் ஹோன் ஊதும். கேட்டவுடன் எல்லோரும் லயத்துப் படிகளில் ஏறி மேலே போக வேண்டும். எத்தனையோ காலைகளில் புகைபோட்டுப் பார்த்து, நச்சுக் காற்று எட்டாத இடம் என்று அவர் கண்டுபிடித்தது பங்களாவின் புல்தரையைத்தான். அங்கேதான் சிக்கல். தோட்டத்து ஆட்கள் பங்களாவின் முன் கேட் வழியாக நுழைவது கிடையாது. வேலையிருந்தால் பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கத்தால் போய்வருவதுதான் வழக்கம். அன்றைக்கிருந்த துரை, "மிஸ்டர், இது பங்களா. மடம் இல்ல," என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டார். ஐயா, "ஓம் சேர். மடமெண்டா நான் கேக்கவே தேவையில்லை," என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். கையில் ஒன்றும் கொண்டுபோக மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். மழைக்காலம் முழுக்க அப்படி உட்கார்ந்து பார்த்த பிறகு துரைக்கே அலுத்துப்போய், "சரி, கொண்டு வாங்க, பூச்செடிய மட்டும் மிதிக்க வேணாம்," என்றார். ஐயா உடனே சுனிலைக் கூட்டிவந்து பூச்செடிகளைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்.

ஹோன் என்றேனே, அது ஒரு பழைய லொறியின் ஹோன். எங்கோ பழைய இரும்புக் கடையில் பிடித்து, நிலையத்து ஜன்னலோரம் பொருத்தினார். அது கத்தினால் நாய்கள் லயத்துக்குள் ஓடிவிடும். முதல் ஒத்திகைக்கு அது ஊதியபோது நானும் எனக்கு உதவியாக இருந்த ஆயாமார் இருவரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். லயத்திலிருந்த, வேலை ஓய்ந்த ஆட்களும் ஆளுக்கொரு பிள்ளையைச் சீலையில் கட்டித் தூக்கினார்கள். பாதிப் படி ஏறியிருப்போம். மலையிலிருந்து தாய்மார் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், கீழே. அத்தனை பேரும் கீழே, காம்பராவை நோக்கி. படியில் ஏறுகிற நாங்களும் இறங்குகிற அவர்களும் முட்டிமோதி, பிள்ளைகள் வீரிட்டு அழ, ஒருவரும் மேலே போய்ச் சேரவில்லை.

எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவள் புஷ்பவள்ளி. அவளுடைய மூத்த பெண் குழந்தை காய்ச்சலில் போனபோது அவள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி போய் அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது கையில் மறுபடி ஒரு மகன். ஐயாவுக்கு முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, "எம்புள்ளைய நான்தான் தூக்குவேன். வேற ஆளு தூக்கிட்டுப் போவாங்க, நான் மேல போய் நின்னு வேடிக்கை பாக்கணுமா? அது என்னால ஏலாதுங்க," என்றாள். துரையின் ஆள் ஒருவர், "சொன்னா கேக்காத சனம்" என்று ஏசினார். ஐயா அவரைக் கையமர்த்திவிட்டுச் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "இவை பிழை விடேல்லை. தாய் பிள்ளை இருக்கிற இடத்துக்குத்தான் ஓடுவா. அதுக்கு எதிரா நான் திட்டம் போட்டது என்ரை பிழை."

அடுத்த புதன்கிழமை காம்பராவுக்கு வந்தார். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, இந்தப் பிள்ளையளுக்கு... காலமை... தாய்மார் வந்து... அந்த உணவு குடுக்கிற நேரம்..." என்று இழுத்தார். கல்யாணம் செய்யாத மனிதர். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"பால்னு சொல்லுங்க ஐயா. இதுல என்ன வெக்கம்?"

"ஓம், அதுதான். அதை மேலை குடுக்கேலுமோ?"

காலையில் கொழுந்தை நிறுத்துப் போட்ட பிறகு தாய்மார் காம்பராவுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைத்தான் பால் நேரம் என்போம். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, அந்தப் பால் நேரத்தைப் பங்களாப் புல்தரையில் வைக்க வேண்டும் என்றார். ஹோன் ஊதும். நாங்கள் பிள்ளைகளோடு மேலே போவோம். தாய்மார் மலையிலிருந்து நேரே மேலே வருவார்கள். "ஓடாதேங்கோ எண்டு சொல்லி ஒருத்தரும் நிக்கப்போறதில்லை. ஓடட்டும். மேலை ஓடட்டும். ஹோன் கேட்டா பிள்ளை மேலை எண்டு அவையின்ரை காலுக்கு விளங்க வேணும்." நான் அவரையே பார்த்தேன். இத்தனை வருசம் பிள்ளை வளர்த்த எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது.

துரை குதித்தார். மேலே ஏறி இறங்கும் நேரத்தில் எவ்வளவு கொழுந்து போகும் என்று கேட்டார். ஐயா மறுபடியும் வாங்கில் போய் உட்கார ஆரம்பித்தார். அதை அறிந்த துரை இந்தத் தடவை சீக்கிரமே சம்மதித்துவிட்டார். முதல் புதன்கிழமை ஹோன் ஊதியது. பிள்ளைகளைப் புல்லில் படுக்கவைத்துவிட்டுப் பார்க்கிறோம், தாய்மார் திறந்திருந்த கேட்டுக்கு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். கேட்டைத் தாண்ட ஒருத்திக்கும் கால் வரவில்லை. ஐயா ஒன்றும் பேசாமல் நின்றார். என்னையும் பேச வேண்டாம் என்று சைகை காட்டினார். பசி நேரம் அல்லவா, ஒரு பிள்ளை சிணுங்கியது, அடுத்தது அழுதது, பிறகு எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டன. அவ்வளவுதான். பங்களாவாவது துரையாவது, அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஐயா குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வேகமாகக் கீழே போய்விட்டார். அன்றிலிருந்து பெண்கள் அவரைப் பால் ஐயா என்று கேலி செய்தார்கள். அவர் காதில் விழாத மாதிரி நடப்பார்.

புஷ்பவள்ளி மட்டும் எத்தனையோ புதன்கிழமைகள் கீழேதான் வந்தாள். என்னோடு சேர்ந்து படியேறி, தன் பிள்ளையைத் தானே தூக்கி வந்தாள். ஐயா அவளைத் தடுக்கவில்லை. ஒரு நாள் அவளிடம் இப்படிச் சொன்னார்: "நீங்கள் இறங்கினா உங்களைத் தேடி இன்னொருத்தர் இறங்குவார். அவரைத் தேடி வேறொருத்தர். இப்பிடித்தான் சனம் சாகிறது."  அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது. உயிர் போனாலும் அவள் பிள்ளையைக் கீழே விட்டு வரமாட்டேன் என்று அன்றைக்கே அவளிடம் சொன்னேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு கடந்து ஒரு வருசமோ என்னவோ. அது புதன்கிழமை இல்லை. காலைக் குளிர் போகாத நேரம், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தோம். ஹோன் ஊதியது. நிற்காமல் ஊதியது. ஆயாமாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. லயத்து ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். கடைசியாகத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் மகனை நான் எடுத்தேன். வெளியே வந்தபோது ஓடைப் பக்கமிருந்து மூக்கைச் சுடுகிற வாடை வந்தது. அந்த வாடையை நான் அதற்கு முன் முகர்ந்ததில்லை, ஆனால் என்னவென்று தெரிந்தது.

படிகள் திரும்புகிற இடத்தில் எனக்கு முன்னால் போன மாயாண்டி அண்ணன் வழுக்கி விழுந்துவிட்டார். அவர் முதுகில் இருந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அவருக்குத்தான் கால் பிசகிவிட்டது. அந்தப் பிள்ளையையும் வாங்கி, அவரைத் தோளில் சாய்த்து, ஒவ்வொரு படியாக ஏறினோம். மற்றவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். ஹோன் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அப்படிப் பயந்தேன்.

மேலே நடந்ததை மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். தாய்மார் எல்லோரும் மலையிலிருந்து நேரே பங்களாவுக்கு வந்திருக்கிறார்கள். புஷ்பவள்ளியும் வந்திருக்கிறாள், முதல் முறையாக. புல்தரை முழுக்கப் பிள்ளைகள், அவள் பிள்ளை மட்டும் இல்லை. படி உச்சிக்கு ஓடிவந்து நின்றிருக்கிறாள். கீழே மஞ்சளும் பச்சையுமாக ஒரு மூடுபனி காம்பராக் கூரையைத் தொட்டுக்கொண்டு வருவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். அவள் புருசனின் அக்கா, "அடியே, எறங்கிப் போய்ப் பாருடி" என்று கத்தியிருக்கிறாள். புஷ்பவள்ளி ஒரு படிகூட இறங்கவில்லை. படியோரத் தேயிலைச் செடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காம்பரா அக்கா கொண்டாரும். நான் எறங்குனா என்னையத் தேடி இன்னொரு ஆளு எறங்கும். நான் எறங்க மாட்டேன்," என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே அழுதிருக்கிறாள்.

நான் திருப்பத்தைத் தாண்டி அண்ணாந்து பார்த்தபோது அவள் அப்படித்தான் நின்றாள். அவள் கையில் பிள்ளையைக் கொடுத்தேன்.  கேட்டுக்குள் போய் புல்லில் உட்கார்ந்து மாராப்புக்குள் அவனை வைத்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் தேயிலை கிழித்த ரத்தம். அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் கோழிகளும் இரண்டு ஆடும் செத்துக் கிடந்தன. ஓடையோரத் தேயிலை வெளுத்துப்போனது. மனிதர் ஒருவர்கூடச் சாகவில்லை.

நிலையத்தில் நடந்ததைச் சுனில்தான் சொன்னார். சிலிண்டர் மாற்றும்போது வால்வு உடைந்திருக்கிறது. முகமூடி ஒன்றுதான் இருந்திருக்கிறது. ஐயா அதைச் சுனிலிடம் கொடுத்து வால்வை அடைக்க அனுப்பிவிட்டு, தான் ஈரத் துவாயை முகத்தில் கட்டிக்கொண்டு ஹோன் அருகே நின்றிருக்கிறார். ஜன்னலால் எங்கள் படி தெரியும். கடைசிப் பிள்ளை திருப்பத்தைத் தாண்டும் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. கடைசிப் பிள்ளை என் கையில் இருந்தது. நான் மாயாண்டி அண்ணனோடு தடுமாறிய அந்த நேரமெல்லாம் அவர் அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதனால் வந்த இருமல் சாகும்வரை அவரை விடவில்லை. 

பதுளை ஆஸ்பத்திரியில் நானும் புஷ்பவள்ளியும் போய்ப் பார்த்தோம். அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். மூச்சு விட முடியாமல் இழுத்து இழுத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் கடைசிப் பிள்ளை பிந்தினது?" படி வழுக்கியதைச் சொன்னேன். "பிடிச்சு ஏறக் கம்பி போட வேணும்," என்றார். ஆஸ்பத்திரியால் வந்து முதல் செய்த வேலை, துரையின் வாங்கில் போய் உட்கார்ந்ததுதான். அப்போது புதுத் துரை. கம்பி போட்டார்கள். கொழும்புக்கும் போனார், இரண்டாவது முகமூடிக்காக. அங்கே பெரியவர்களுக்கு முன்னால் வாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லையாம், இருமினாராம், போதுமாயிருந்ததாம். அதை அவரே சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் ஓய்வு பெற்றுப் பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நானும் ஓய்வு பெற்றேன். சிலிண்டர்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை, அதே நிலையத்தில் அதே மேட்டில் இருக்கின்றன. இப்போதிருக்கும் துரை, இத்தனை வருசம் ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லி, இந்த வருசத் தொடக்கத்தில் பங்களாக் கேட்டைப் பூட்டிவிட்டார். ஐயா படுக்கையில் இருந்தபோது இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள். "பூட்டினா வெளியிலை இருங்கோ," என்று சொல்லி அனுப்பினார். அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

செத்த வீடு முடிந்த அடுத்த புதன்கிழமை, இன்னும் நிலையத்தில் வேலை செய்யும் சுனில் ஹோனை ஊதினார். இப்போது காம்பராவைப் பார்க்கும் பெண்ணும் நானும் லயத்து ஆட்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். தாய்மார் மலையிலிருந்து மேலே வந்தார்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் ரோட்டில், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். புஷ்பவள்ளிக்கு இப்போது கைக்குழந்தை இல்லை, ஆனாலும் வந்து யாருடையதோ ஒன்றைத் தூக்கி வைத்திருந்தாள். துரையின் ஜீப் வந்து நின்றது, போக வழியில்லை. "எவ்வளவு நேரம் இருப்பீங்க?" என்று கேட்டார். "புள்ளைங்க குடிச்சு முடிக்கிற வரைக்குங்க. அடுத்த கெழமையும் வருவோங்க," என்றேன். அவர் ஜீப்பிலேயே காத்திருந்தார். பங்களாக் கேட் இன்னும் திறக்கவில்லை.

ஐயாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தப் புதன்கிழமையைத்தான். பிடிவாதம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அவருக்கு அஞ்சலி செலுத்த வேண்டும் என்று கேட்டு எனக்கு எத்தனையோ பேர் போன் எடுக்கிறீர்கள். மாலை வேண்டாம், கூட்டமும் வேண்டாம். ஒரு புதன்கிழமை காலையில் வெள்ளைப்பாறைக்கு வாருங்கள். மேலே தூக்கிக்கொண்டு போக ஆளுக்கொரு பிள்ளை இருக்கிறது.